புஞ்சை டயர்

ஒரு நிலம் நஞ்சையா புஞ்சையா என்பதை அதில் நிற்கும் தண்ணீர் முடிவு செய்வதில்லை. தாலுகா ஆபீஸ் பதிவேடு முடிவு செய்கிறது. இந்தத் தத்துவத்தை அனுசரித்தே எங்கள் தாலுகா ஜீப்புக்கு இரண்டு செட் டயர் வழங்கப்பட்டிருந்தது. பட்டன் பெரிதாக எழும்பி, சேற்றைக் கவ்விப் பிடிப்பது நஞ்சை டயர். வழவழவென்று இருப்பது புஞ்சை டயர். போகிற நிலத்தின் வகைப்பாடு எதுவோ அந்த டயரை மாட்ட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

நாகம்மாள் பதினாறு வருஷமாகக் குத்தகைக்கு உழும் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், பதிவேட்டில் புஞ்சை. தீர்வை குறையட்டும் என்று நிலத்துச் சொந்தக்காரரான மிராசுதார் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஐப்பசிக்குள் தாசில்தார் நேரில் பார்த்துச் சாகுபடிதாரர் பெயரை எழுத வேண்டும். தவறினால் மிராசுதார் ‘சொந்தச் சாகுபடி’ என்று எழுதிக்கொள்வார். நாகம்மாள் அந்த வரப்பில் கால் வைக்க முடியாது. கல்லூரியிலிருந்து தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்திருந்த நான் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்து, ஆபீசுக்கும் கூடப் போனேன்.

கிளம்பும்போது அடைமழை.

“பாதையே தெரியலைங்கய்யா. நஞ்சை டயரை மாட்டிடறேன்” என்றார் டிரைவர் மீரா உசேன்.

“பதிவேடு என்ன சொல்லுது பாய்?” என்றார் தாசில்தார் இராஜாங்கம்.

“புஞ்சைங்க.”

“அப்புறம் என்ன?”

“மழை பெய்யுதே சார்” என்றேன்.

“பதிவேட்டுல பெய்யலையேம்மா.”

நாகம்மாள் என் கையைக் கிள்ளினாள். “பேசாம ஏறு பாப்பா. இவரு வர்றதே பெருசு.”

ஊர் எல்லை வரை ஜீப் கௌரவமாகவே வந்தது. பிறகு வழுக்கி, வரப்பை உடைத்துக்கொண்டு, நாகம்மாள் வயலுக்குள் இறங்கியது. ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் சக்கரம் சுழன்றதில், நட்டு இருபது நாளான பயிர் மடங்கி, அரை மா நிலம் அடுத்த நடவுக்குத் தயாரானது.

“இப்பவாவது சேறுன்னு ஒத்துக்கறீங்களா சார்?”

“சேறுன்னா இது நஞ்சை. நஞ்சைக்குப் புஞ்சை டயர்ல வந்தது என் தப்பாயிடும். ஆகவே, சேறில்லை.”

சேறில்லாத அந்த இடத்தில் முழங்கால் வரை புதைந்து நின்றபடி அவர் படிவத்தை விரித்தார். ‘நிலத்தை உழுதவர் (நேரில் கண்டவாறு)’ என்று ஒரு கட்டம்.

“நாகம்மாள்னு எழுதுங்க சார்.”

“அந்தம்மா உழுததை நான் பார்க்கலையே.”

“வேற யாரு உழுததைப் பார்த்தீங்க?”

மனசாட்சியுள்ள மனிதர். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார்: ‘அரசு ஜீப்.’

உழுபவருக்கே நிலம் என்று கல்லூரி வாசலில் தொண்டை கட்டக் கத்தியவள் நான். அந்தக் கணக்கில் நிலம் இனி ஜீப்புக்கு.

நாகம்மாள்தான் நிதானமாகக் கேட்டாள். “அப்ப மிராசுதாரு என்னை வெளியேத்த முடியுங்களா?”

“ஜீப்பைத்தான் வெளியேத்தணும். அரசாங்கச் சொத்து. மேலிடத்து அனுமதி வேணும்.”

“அப்படின்னா ஜீப்பு சார்பா நானே நட்டுக்கறேங்க.”

மிராசுதார் இன்றுவரை அந்தப் பக்கம் வரவில்லை. மறுவாரம் ஊரின் மற்ற குத்தகைக்காரர்களிடமிருந்து தாலுகா ஆபீசுக்கு முப்பத்தொரு மனுக்கள் போயின: ‘தங்கள் மேலான ஜீப் எங்கள் வயலிலும் ஒருமுறை புதைந்தருள வேண்டுகிறோம்.’ அத்தனையும் எழுதிக் கொடுத்தவள் நான்தான். ‘புஞ்சை டயரிலேயே வரவும்’ என்பதற்கு மட்டும் அடிக்கோடு போட்டேன்.