சங்கரனின் சீனியாரிட்டி லிஸ்ட்

தலைமுடி கறுப்பாக இருக்கிற டாக்டர் தன் இதயத்தைத் தொடக் கூடாது என்று சங்கரன் மயிலாப்பூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மூணு எடத்துல அடைப்பு சார். ஒண்ணு சுண்ணாம்பு படிஞ்சு கல்லா இறுகிக் கிடக்கு. அதைச் சுரண்டிட்டுத்தான் ஸ்டென்ட் வெக்கணும். இந்த மாதிரி கேஸ் நான்..." என்று ஆரம்பித்தார் டாக்டர் தபஸ்ஸும்.

"சர்வீஸ் எத்தனை வருஷம்?"

"ஒன்பது, சார்."

"நான் கோட்டையில முப்பத்தாறு," என்று சங்கரன் பேச்சை முடித்துவிட்டார்.

அவர் மனைவி அபயாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் சீனியாரிட்டி லிஸ்டைப் பார்த்தே ரிட்டையரான மனுஷன். உயிர் ஊசலாடும்போதும் அதே லிஸ்டா?

"ஏன்னா, அந்தப் பொண்ணைப் பேச விடுங்கோளேன்."

"நீ சும்மா இரு. தி. நகர்ல ஒருத்தர் இருக்கார். நாப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்."

சொந்தப் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அந்த டாக்டர் தணிகாசலத்தின் கிளினிக் மூன்றாவது மாடியில். லிஃப்ட் பழுது. இரண்டாவது மாடியிலேயே சங்கரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். தணிகாசலமே இறங்கி வந்து நாக்கடியில் மாத்திரை வைத்தார்.

"கை நடுங்குதுங்க. ஸ்டென்ட் வெக்கிறதை விட்டே பத்து வருஷமாச்சு. எங்கேர்ந்து வந்தீங்களோ அங்கேயே ஓடுங்க," என்று தன் காரிலேயே ஏற்றி அனுப்பினார்.

பனகல் பார்க் சிக்னலில் கார் நகரவேயில்லை.

"அடையாறுல இன்னொருத்தர்..." என்று முனகினார் சங்கரன்.

"இனிமே வாயைத் திறந்தேள்னா நானே சுரண்டிடுவேன்."

சொல்லும்போதே அபயாம்பாளுக்கு அழுகை வந்துவிட்டது. அடைப்பில் போகாவிட்டாலும் இவர் பிடிவாதத்தில் போய்விடுவார் என்று பயமாக இருந்தது.

மயிலாப்பூர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகும் மனுஷன் அடங்கவில்லை.

"பெரிய டாக்டர் பக்கத்துல நின்னாத்தான் சம்மதம்."

"நிப்பார் சார்," என்றார் தபஸ்ஸும்.

டாக்டர் பரத்வாஜ் வந்தார். அறுபத்தெட்டு வயசு, வெள்ளை வெளேரென்று தலை. சங்கரன் படுத்தபடியே கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே இரண்டு மணி நேரம் அபயாம்பாள் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கஞ்சி உள்ளே போனதும் அவருக்குக் குரல் வந்துவிட்டது.

"பாத்தியா? பெரியவர் கண்கொட்டாம பாத்துண்டே நின்னார். அந்தப் பயத்துலதான் அந்தப் பொண்ணுக்குக் கை ஒழுங்காப் போச்சு. சர்வீஸ்னா சும்மாவா?"

அபயாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிபி பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் ஆரோக்கியமேரி நிமிரவேயில்லை.

"கல் மாதிரி அடைப்புல தபஸ்ஸும் மேடம் நானூறு பண்ணிட்டாங்க சார், பெரிய டாக்டர் இப்பத்தான் அவங்ககிட்ட கத்துக்க வர்றாரு, நேத்து அவருக்கு மூணாவது கிளாஸ்."