ஒரு ‘டேக்’குக்கு இத்தனையா

“தமிழ்மணி, ‘டேக்’குனா கொரியா பாஷையில இன்னாப்பா?”

முதலாளி மாணிக்கவேல் இதைக் கேட்டபோது ஆட்டோ, பீங்கான் பட்டறை வாசலில் வந்து நின்றுவிட்டது. கொரியா சூளையை ஓட்டிக் காட்ட வந்த என்ஜினியர் ஒரு காலைத் தரையில் வைத்தாயிற்று.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரியா கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவியவன் தமிழ்மணி. கொரியா பாஷையில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சோறு சம்பந்தப்பட்டது. ஊருக்குத் திரும்பி இந்தப் பீங்கான் பட்டறையில் களிமண் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது, “பாஷை நல்லா வரும் மொதலாளி” என்று ஒரு நாள் வாய்விட்டான். கொரியாவிலிருந்து கேஸ் சூளை வாங்கும் யோசனையில் இருந்த மாணிக்கவேல் மறுநாளே அவனைச் சூப்பர்வைசர் ஆக்கினார். சூப்பர்வைசர் என்ற சொல்லை நம்பிக் கம்மாபுரத்துக் கலியமூர்த்தி தன் மகள் கயல்விழியைத் தரச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை பூ வைப்பதாகப் பேச்சு. மூட்டை தூக்குகிறவனுக்குப் பெண் தருகிற உத்தேசம் அவருக்கு இல்லை. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

“சொல்லுப்பா. அந்த ஒரு வார்த்த போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

மாணிக்கவேலின் இங்கிலீஷ் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் ஓடியது. டேக் சீட், டேக் டீ, டேக் ரெஸ்ட், டேக் போட்டோ. பேங்க் மேனேஜரைக்கூட அதை வைத்துத்தான் சமாளித்திருந்தார்.

“தூசேயோ,” என்றான் தமிழ்மணி. கேன்டீனில் தட்டை நீட்டும்போது சொல்வது. சாப்பிடுங்கள் என்று அர்த்தம்.

வந்தவர் மார்பில் கொரியா எழுத்துப் போட்ட கம்பெனிச் சட்டையில் இருந்தார். “மாவியா,” என்று பெயர் சொல்லிக் கை கொடுத்தார். பிறகு இங்கிலீஷில் வேகமாக என்னவோ சொன்னார். அதில் ‘டிரெயின்’ மட்டும் புரிந்தது.

“எஸ், எஸ். தூசேயோ,” என்று மாணிக்கவேல் டீயை நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார். மாணிக்கவேல் பூரித்துப்போய் நாற்காலியைக் காட்டி, “தூசேயோ,” என்றார்.

மாவியா குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார், அங்கே இன்னொரு டீ இருக்கிறதோ என்று.

அதோடு போயிருக்கலாம். உள்ளே பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைப் பளபளப்புப் பூச்சில் முக்குகிற அமிர்தத்திடம் முதலாளி, சாம்பிள் பூச்சைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லியிருந்தார். எப்படிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். சூளைக்குப் போவதற்கு முன் பூச்சு பால் மாதிரி இருக்கும். அமிர்தம் அதை ஒரு டம்ளரில் மொண்டுவந்து, “தூசேயோங்க,” என்று மரியாதையாக நீட்டினாள்.

மாவியா டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வந்த இடத்தில் மறுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு வாய் குடித்துவிட்டார்.

“எக்கா, குடிச்சிட்டாருக்கா,” என்றான் தமிழ்மணி.

“மண்ணுதான. நாமெல்லாம் இருவது வருசமா மூக்கால தின்னுக்கிட்டுதான் இருக்கறோம். ஒண்ணும் ஆவாது, போ.”

மாணிக்கவேல் தமிழ்மணியைத் தனியே தள்ளிக்கொண்டு போனார். “இன்னாப்பா, டீயிக்குச் சரியா இருந்துது, நாக்காலிக்குத் தப்பா போச்சு?”

“அது வேற டேக்கு மொதலாளி.”

மெட்ராஸில் நடைபாதையில் வாங்கிய, உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்தில் போட்ட இங்கிலீஷ் கொரியா டிக்ஷனரி ஒன்று அவன் பெட்டியில் கிடந்தது. பிரித்துப் பார்த்தான். மற்றச் சொற்களுக்கு ஒரு வரி, இரண்டு வரி. டேக்குக்கு மட்டும் பக்கம் முடிந்து மறுபக்கமும் போயிற்று.

“பஸ்ஸு ஏற ஒண்ணு, போட்டோ எடுக்க ஒண்ணு, மாத்திரை போட ஒண்ணு, செருப்பு கழட்ட ஒண்ணு,” என்று படித்தான்.

“ஒரு டேக்குக்கு இத்தனையா?”

“ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆளு வச்சிருப்பாங்க போல.”

“நான் ஒரு ஆளதான் வச்சிருக்கறேன். எல்லாத்தையும் நீயே பாரு.”

அன்று முழுக்க அவன் அட்டை வெட்டி எழுதினான். மேலே இங்கிலீஷில் ‘டேக்’, கீழே தமிழ் எழுத்தில் கொரியாச் சொல். நாற்காலிக்கு மேலே ‘அந்தா’. கேமரா வைத்த மேசையில் ‘சிக்தா’. சூளையின் சூடு பார்க்கிற மீட்டருக்குப் பக்கத்தில் ‘ஜேதா’. நேரம் ஆகும் என்பதற்கு ‘கொல்லிதா’. அதைக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினான்.

“எல்லாம் தா, தான்னு முடியுது,” என்றாள் அமிர்தம். “சும்மாவே கேட்டு வாங்கித் தின்னுற பாஷையா இருக்கும் போல.”

வேலையாட்கள் அந்தந்த இடத்தில் நின்று அந்தந்தச் சொல்லைச் சொன்னார்கள். மாவியா சிரித்தபடி திருப்பிச் சொன்னார். “அந்தா?” என்று கேட்டுவிட்டு உட்காருவார். “சிக்தா?” என்று கேட்டுவிட்டுப் போட்டோவுக்கு நிற்பார். ஆச்சரியம் என்னவென்றால், கொரியாக்காரரின் உச்சரிப்பு அப்படியே தமிழ்மணியின் உச்சரிப்பு மாதிரி இருந்தது. அவனுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

ஆனாலும் பயம் போகவில்லை. மனிதர் திடீரென்று ஒரு முழு வாக்கியத்தைக் கொரியா பாஷையில் அவிழ்த்துவிட்டால் தொலைந்தான். அதனால் மாவியா அவன் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாலே களிமண் குவியலுக்குப் பின்னால் போய் எதையாவது எண்ணுகிற மாதிரி நிற்பான். மத்தியானம் சாப்பாட்டின்போதும் தள்ளியே உட்கார்ந்தான். ஜங்ஷன் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிற சலீம் பாய்தான் மாவியாவுக்குத் தங்க இடமும் கொடுத்துச் சாப்பாட்டுக் கேரியரும் அனுப்பினார்.

“கொழம்ப ஊத்தி நம்மள மாதிரியே பெசையறாரு பாரு,” என்றாள் அமிர்தம்.

கேன்டீனில் எல்லாரும் குச்சியால்தான் தின்றார்கள். “பழகிட்டிருப்பாரு,” என்றான் தமிழ்மணி.

ஒரு நாள் சாயங்காலம் பழமலைநாதர் கோயிலுக்கு அவரை அழைத்துப் போனான். வாசலில் ஷூவைக் காட்டி, “பொத்தா,” என்றான். கழற்றுவதற்கான டேக் அது. அவர் “பொத்தா, பொத்தா” என்று சொல்லிக்கொண்டே கழற்றினார்.

முதல் சூளை பிரிக்கிற நாள் வந்தது. உள்ளே மொத்தச் சரக்கும் ஃபியூஸ் கட்டை. சூடு இறங்குவதற்குள் கதவைத் திறந்தால் அத்தனையும் விரிசல் விட்டுப்போகும். மாணிக்கவேல் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய சூளை. எலுமிச்சம்பழம், சூடம், பூசணிக்காய் எல்லாம் வைத்துக் கதவுக்கு முன்னால் ஆட்கள் கூடி நின்றார்கள்.

“சரக்க எடுக்கலாமான்னு கேளுப்பா.”

எடுக்கிற டேக்கு. தமிழ்மணிக்கு அட்டை எதுவும் ஞாபகம் வரவில்லை. டிக்ஷனரி பெட்டியில். எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னான்.

“பொத்தா?”

மாவியா சூளையைப் பார்த்தார். சூடத்தைப் பார்த்தார். பயபக்தியோடு ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தார். அனல் அடிக்கிற சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைத்தவர் இந்தக் காலும் அந்தக் காலுமாகத் துள்ளினார். துள்ளிக்கொண்டே சூளையைக் கும்பிட்டார்.

பட்டறையே அசந்துபோயிற்று. மாணிக்கவேல் முதலில் செருப்பைக் கழற்றினார். ஒவ்வொருவராக எல்லாரும் கழற்றித் துள்ளினார்கள்.

“கொரியாக்காரனுக்குத் தெரியுது பாரு, சூளையும் சாமிதான்னு,” என்று அமிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பூசணிக்காய் உடைத்ததும் மாணிக்கவேல் கதவுப் பிடியில் கை வைத்தார். மாவியா பாய்ந்துவந்து அவர் கையைப் பிடித்தார். மீட்டரைக் காட்டி, “ஜேதா,” என்றார். கடிகாரத்தைக் காட்டி, “கொல்லிதா, கொல்லிதா,” என்று தலையை ஆட்டினார்.

“இன்னும் நேரம் ஆவுங்கறாரு,” என்றான் தமிழ்மணி. சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கொரியாக்காரர் சொன்னது அவனுக்குப் புரிந்திருக்கிறது.

மாணிக்கவேல் அவனைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்த கையோடு செல்போனை எடுத்துக் கலியமூர்த்தியைக் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழம வரைக்கும் எதுக்குங்க? இன்னிக்கே வாங்க. உங்க மருமவன் கொரியாக்காரரோட பேசறத வந்து பாருங்க.”

தமிழ்மணி களிமண் குவியலுக்குப் பின்னால் போய் எண்ண ஆரம்பித்தான்.

சூடு இறங்கிச் சரக்கை எடுக்கிற நேரத்துக்குக் கலியமூர்த்தி டி.வி.எஸ். ஐம்பதில் வந்து சேர்ந்தார். அடுத்தவர் சொல்லிக் கேட்டதை நம்பாத மனிதர். வெள்ளைவெளேரென்று வந்த ஃபியூஸ் கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். கணீரென்றது. முகம் மாறவில்லை.

“சரக்கு நல்லாத்தான் இருக்குது. பேசச் சொல்லுங்க, கேக்கறேன்.”

மாணிக்கவேல் மாவியாவைப் பார்த்துத் தன் வாயைத் தொட்டுக் காட்டி, கூட்டத்தைக் கை காட்டினார். மாவியாவுக்குப் புரிந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல் நிமிர்ந்து நின்றார்.

“வணக்கம். தூசேயோ. அந்தா. சிக்தா. ஜேதா. பொத்தா. கொல்லிதா. தேங்க்யூ.”

கைதட்டல் நிற்கவே நேரமாயிற்று.

“இன்னா சொல்றாரு?” என்றார் கலியமூர்த்தி.

தமிழ்மணி ஒரு எட்டு முன்னால் வந்தான். “ஊரு நல்ல ஊரு, மனுசங்க நல்ல மனுசங்க, பாடுபடறவங்க கையில குடுத்த சூளை வீணாப் போவாது, எல்லாருக்கும் நன்றிங்கறாரு.”

“இத்தினூண்டு பேச்சுக்கு அவ்வளோ அர்த்தமா?”

“அது அப்பேர்ப்பட்ட பாஷைங்க மாமா.”

கலியமூர்த்தி அவனை மேலும் கீழும் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். “சரி மாப்ள. சாயங்காலமே பூ வச்சிரலாம்.”

தமிழ்மணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சூடும் தெரியவில்லை.

அந்த நேரத்தில் சலீம் பாய் சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தார். மாவியாவைப் பார்த்து என்னவோ கேட்டார். மாவியா கொப்புளம் வந்த தன் பாதத்தைக் காட்டி மடமடவென்று பதில் சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இத்தனை நாளில் மாவியா இவ்வளவு பேசி யாரும் பார்த்ததில்லை.

கலியமூர்த்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஏன் பாய், உங்களுக்கும் கொரியா பாஷை வருமா?”

“கொரியாவா? நான் சவூதியில கத்துக்கிட்ட இந்திதாங்க அது,” என்றார் சலீம் பாய். “அவரு மிசோரம்காரரு, மெட்ராஸ் ஆபீசுல வேலை, போற ஊரு பாஷைய ஆசையா கத்துக்கறவரு, பாவம், ‘ஒரு டேக்குக்கு இத்தனை வார்த்த வச்சிருக்கீங்களே, உங்க தமிழ் மாதிரி கஷ்டமான பாஷைய எங்கயும் பாக்கல’ன்னு வந்ததுலேருந்து பொலம்பறாருங்க.”