வேலைக்குச் சங்கு ஊதுபவர்

எந்த அலுவலகத்திலும் இவர் ஒருவர் உண்டு. சம்பளத்துக்காக ஒரு வேலை பார்ப்பார், சந்தோஷத்துக்காக இன்னொரு வேலை பார்ப்பார். அடுத்தவர் வேலை எப்போது போகும் என்று நாள் குறிப்பதுதான் அந்த இரண்டாவது வேலை.

நம்முடைய ஆள் ஒரு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் உதிரிபாகக் கிடங்கைக் கவனிப்பவர். பத்தொன்பது வருட சர்வீஸ். எல்லோருடைய வேலைக்கும் சங்கு ஊதி ஊதியே சங்கண்ணன் என்று பெயர் வாங்கியவர். மேனேஜர் கதவைச் சாத்தினால் ஆள்குறைப்பு, திறந்து வைத்தால் கம்பெனியையே விற்கப் போகிறார், சிரித்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். ஆர்டர் குறைந்துபோன இந்தச் சமயத்தில் அண்ணனுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை, பாவம்.

புகார் தொலைபேசியை எடுக்கப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். அவள் கைப்பையை மேஜையில் வைப்பதற்குள் அண்ணன் போய் நின்றார்.

"ஏம்மா, பையெல்லாம் எதுக்குப் பிரிக்கிற? ஆறு மாசம் வரைக்கும் நீ இங்க ஆளே இல்ல. போன்னா போயிடணும். ஏன்னுகூடக் கேக்க முடியாது."

"அப்படின்னு எங்கண்ணா எழுதியிருக்கு?"

"எழுதணுமா? பத்தொன்பது வருஷமா பாக்குறேன்ல!"

முந்தைய கம்பெனியில் ஒரே வாக்கியத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, பேருந்தில் அழுதுகொண்டே போனவள் அவள். ஏழு பக்க நியமனக் கடிதத்தை அன்றே படித்து முடித்தாள். நம்புங்கள், அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் மாதம் மேனேஜர் கூப்பிட்டார். "நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா. நிலைமை சரியில்ல."

வாசலில் சங்கண்ணன். சொன்னது பலித்த ஆனந்தத்தில் காதுவரை சிரிப்பு.

அவள் கைப்பையிலிருந்து நியமனக் கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். "அஞ்சாம் பக்கம் சார். தகுதிகாண் காலத்துல இருந்தாலும் காரணத்தை எழுதித் தரணும், என் பதிலைக் கேக்கணும், முப்பது நாள் முன்னாடி சொல்லணும்."

"அஞ்சாம் பக்கமா?" என்றார் மேனேஜர் திகைத்துப்போய். "அதுல அத்தனை பக்கம் இருக்கா?"

"அதெல்லாம் நிரந்தரமானவங்களுக்கும்மா!" என்று அண்ணன் உள்ளே பாய்ந்தார். "சார், வேணும்னா என் ஃபைலை எடுத்துப் பாருங்க!"

எடுத்தார்கள். நியமனக் கடிதம் இருந்தது. அதே ஐந்தாம் பக்கமும் இருந்தது. நிரந்தரமாக்கிய கடிதம் மட்டும் இல்லை. அலமாரியையே கவிழ்த்துத் தேடியும் இல்லை. அந்தக் கடிதம் தரும்வரை தகுதிகாண் காலம் தொடரும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி வேறு.

"அண்ணே," என்றார் மேனேஜர், "உங்களுக்கே இன்னும் ஆறு மாசம் முடியலையே!"

அண்ணன் கிடைத்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அது மேனேஜருடையது.

"அம்மா தாயே, அந்த அஞ்சாம் பக்கத்தை இன்னொரு தடவ படி. மெதுவா."

படித்தாள். "முப்பது நாள்! முப்பது நாள்!" என்று பரிசு விழுந்தவர்போல் கூவினார்.

மேனேஜர் காரணம் எழுத நின்றபடியே பேனாவைத் திறந்தார். அவள் வந்தபிறகு புகார்கள் பாதியாகியிருந்தன. அதைக் காரணம் என்று எழுத முடியுமா? நான்கு தாள் கசங்கிற்று. ஐந்தாவதில், அவள் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனா திறந்திருக்கும்போதே அண்ணனையும் நிரந்தரமாக்கிவிட்டார்.

அண்ணன் திருந்தினாரா? கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், பெருமூச்சு விட்டார். "நிரந்தரம் பண்ணிட்டாங்கம்மா. அடுத்தது ரிட்டயர்மெண்ட்தான்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரை ஓரமாக அழைத்துப் போய், "எதுக்கும் வேற இடத்துலயும் சொல்லி வைங்க" என்று கிசுகிசுத்தது யார்?