ஐந்து மரங்கொத்திகளில் நாலு பேர்

"யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டான் வெண்டல் ப்ரூயிட். ஒரு ஷூ காலில் இருந்தது, இன்னொன்று கையில் இருந்தது.

"கிளியோஃபஸ் யான்சிப்பா! உங்க 'மார்ஜரி' ரெக்கார்டுக்கு சாக்ஸபோன் வாசிச்சாரே, அவரேதான்!" என்றார் தியேட்டர் முதலாளி பேகெட். மனிதருக்கு சந்தோஷத்தில் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது. "இப்ப நம்ம டொலிடோவுலதான் இருக்கார். வாசல்ல உங்க போஸ்டரைப் பார்த்துட்டு ஓடி வந்தார். இன்னிக்கு மேடையில உங்ககூட அந்தப் பாட்டுக்கு வாசிக்கப் போறாராம். 'அந்தக் குரலை இன்னொரு தடவை பக்கத்துல இருந்து கேட்டாப் போதும், அப்புறம் செத்தாலும் பரவாயில்லை'ங்கறார்!"

முதலாளி போனதும் வெண்டல் பெஞ்சில் உட்கார்ந்தான். ஷூ போட்டிருந்த காலிலேயே கையிலிருந்த ஷூவையும் மாட்டப் பார்த்தான். காரணம் சாதாரணமானதுதான். அந்த ரெக்கார்டில் பாடியது அவன் இல்லை.

அந்த ரெக்கார்டு வெளிவந்த சமயத்தில் அவன் எங்கள் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு செருப்புக் கடையில் சீமாட்டிகளின் கால்களை அளந்துகொண்டிருந்தான். பாடியவர்கள் வேறு யாரோ. யார் என்று உலகத்துக்குத் தெரியாது. ரெக்கார்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் 'ஃபைவ் வுட்பெக்கர்ஸ்' என்று குழுவின் பெயர் மட்டும் இருக்கும். முகமும் கிடையாது, ஆள் பெயரும் கிடையாது. கறுப்புப் பையன்களின் முகத்தைப் போட்டால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாங்க மாட்டார்கள் என்பது கம்பெனிக்காரர்களின் ஞானம். ஐந்து மரங்கொத்திகள்! நல்ல பறவைப் பெயர்களையெல்லாம் மற்ற குழுக்கள் வைத்துக்கொண்டுவிட்டன. மிச்சம் கிடந்தது இதுதான்.

அந்தப் பெயர் மேனேஜர் ஹார்லன் க்ரோவுக்குச் சொந்தம். வாடகைக் கோட்டு மாதிரி அதை யாருக்கு வேண்டுமானாலும் மாட்டி அனுப்புவார். அன்றைக்கு அதே நேரத்தில் ஜார்ஜியாவில் ஒரு ஐந்து மரங்கொத்திகளும், டெக்சாஸில் இன்னொரு ஐந்து மரங்கொத்திகளும் கொத்திக்கொண்டிருந்தன. வெண்டலின் குழுவில் நாலு பேர்தான். ஐந்தாவது ஆளுக்குப் பஸ் டிக்கெட் தண்டம் என்று க்ரோவ் நினைத்தார். யாராவது கேட்டால் ஐந்தாமவனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். பாவம், அவனுக்கு ஒன்றரை வருஷமாக அம்மை.

"ஓடிரலாமா?" என்றான் தாடியஸ். குழுவில் அடிக்குரல் பாடுபவன். பாட்டு முழுக்க 'பொம் பொம்' என்பதைத் தவிர வேறு வார்த்தை பாடி அறியாதவன்.

"ஓடறது பெரிசில்லைடா. விஷயம் டெஸ்ஸா காதுக்குப் போச்சுன்னா?"

இதுதான் உண்மையான பயம். டெஸ்ஸா அவன் மனைவி. கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. ஒரு பிறந்தநாள் விருந்தில் 'மார்ஜரி' ஓடிக்கொண்டிருந்தபோது, ஓரமாக நின்ற அந்த அழகியிடம் போய், "இதுல பாடறது நான்தான்" என்று அவிழ்த்துவிட்டான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிட்டது. "நிஜமாவா? அந்த உச்சத்தை எப்படிப் பிடிச்சே?" என்றாள். "அடிவயித்திலேர்ந்து" என்றான் இவன். அதிலிருந்து அவர்கள் சேர்ந்துதான் சுற்றினார்கள்.

வீட்டில் அவள் அடிக்கடி, "ஒரே ஒரு தடவை பாடிக் காட்டேன், ராசா" என்பாள். ஒப்பந்தத்தில் தடை இருக்கிறது என்பான். அவளும் சரியென்று விட்டுவிடுவாள். ஊர் ஊராகப் போய்ப் பாடும்போது அந்த உச்சத்தை இவன் இரண்டு படி கீழே இறக்கிப் பாடிவிட்டு, மைக் சரியில்லை என்று மைக்கை முறைப்பான். அதையெல்லாம் அவள் எங்கே பார்த்தாள்? பாடகன் என்றுதான் தன்னைக் கட்டிக்கொண்டாள், வெறும் செருப்புக்கடைக்காரன் என்று தெரிந்தால் அடுத்த நிமிஷமே பெட்டியைக் கட்டிவிடுவாள் என்று வெண்டல் சத்தியமாக நம்பினான். அவளில்லாத வீட்டை நினைத்தாலே அவனுக்கு அழுகை வந்தது.

"டெஸ்ஸா ஃபிலடெல்ஃபியால இருக்கா. நீ ஏன் சும்மா சாகறே?" என்றான் தாடியஸ்.

கதவு திறந்தது.

"ஆச்சரியமா இருக்கா?" என்றபடி டெஸ்ஸா உள்ளே வந்தாள். தலையில் புதுத் தொப்பி. பின்னாலேயே, கதவை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மாது. "இதான் எங்க லுவீனியா அத்தை. இந்த ஊருதான். பஸ் ஏறி நேரா இவங்க வீட்டுக்கு வந்து, கையோட கூட்டிட்டு வந்துட்டேன். என் புருஷன் பாடறதை நான் ஒரு நாளாவது பார்க்க வேணாமா?"

அத்தை வெண்டலைக் கறிக்கடையில் எடை பார்ப்பதுபோல் பார்த்தாள். "சபையில எனக்கு என்ன பேரு தெரியுமா, மாப்பிள்ளை? பாடகர் குழுவுக்கே தலைவி. இந்தச் சாத்தான் பாட்டையெல்லாம் நான் காதால கேக்கறதில்லை. இவ கெஞ்சினா, வந்தேன். அந்த மார்ஜரிப் பாட்டைப் பாடின தொண்டை நரகத்துலதான் வேகும்னு இந்தப் பொண்ணுகிட்ட அப்பவே சொன்னேன்."

டெஸ்ஸாவுக்குப் புரை ஏறி இருமல் வந்தது.

வெண்டலுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. தொண்டையைப் பிடித்துக்கொண்டான். "டெஸ்ஸா… எனக்குக் குரலே போச்சு. காலையிலேர்ந்து காத்துதான் வருது. இன்னிக்கு நான் பாட முடியாது போலிருக்கு."

"ஐயையோ! அந்தக் குரலா போச்சு?" டெஸ்ஸா நெஞ்சில் கை வைத்தாள். "எனக்கே தொண்டை அடைக்குதே!"

"தொண்டைதானே?" என்றாள் அத்தை. கைப்பை திறந்தது. முன்பு அலபாமாவிலிருந்து இந்த ஊருக்குக் குடியேறக் கிளம்பும்போது அவள் எதை விட்டுவிட்டு வந்தாளோ, வைத்தியத்தை மட்டும் விடவில்லை. ஒரு கரண்டிச் சர்க்கரை. அதன் மேல் ஒரு சின்னப் புட்டியிலிருந்து சொட்டு விழுந்தது. சொட்டு என்று அவள் சொன்னாள், மடமடவென்றுதான் விழுந்தது.

"என்ன அத்தை இது?"

"மண்ணெண்ணெய். வாயைத் திற."

"இல்லை, இப்பப் பரவாயில்லை…"

"திறங்கறேன்ல!"

அத்தையை எதிர்க்கும் துணிவு டொலிடோவில் பாதிரியாருக்கே கிடையாது. வெண்டல் விழுங்கினான். கண்ணில் தண்ணீர், காதில் புகை. இரண்டு நிமிஷம் கழித்து வாயைத் திறந்தபோது, தவளை மிதிபட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. இதுவரை பொய்யாகப் போயிருந்த குரல் இப்போது நிஜமாகவே போய்விட்டது.

"வேலை செய்யுது" என்றாள் அத்தை திருப்தியாக.

பெண்கள் இருவரும் இடம் பிடிக்கப் போனார்கள். பேகெட் வந்தார், விஷயத்தைக் கேட்டார், முகம் மாறினார். "தம்பிகளா, வெளியில ஹவுஸ்ஃபுல். எல்லாரும் அந்த ஒரு பாட்டுக்குத்தான் வந்திருக்காங்க. அது இல்லைன்னா நாற்காலியை உடைப்பாங்க. நாற்காலி உடையறதுக்கு முன்னாடி நான் உங்களை உடைப்பேன். புரியுதா?"

புரிந்தது. தாடியஸ் முதல் தடவையாக உருப்படியாக ஒன்றைச் சொன்னான். "ரெக்கார்டையே போட்டுட்டா என்ன?"

"எதை?"

"முன்னால ஹால்ல ஆளைக் கூப்பிட நாள் பூரா அதைத்தானே போட்டுக்கிட்டிருக்காங்க! அதைப் பெட்டியோட தூக்கிட்டு வந்து திரைக்குப் பின்னால வெச்சு, முன்னால ஒரு மைக்கை நிறுத்திடறேன். நீ வாயை மட்டும் அசை. பேண்டுக்காரங்களை மெதுவா வாசிக்கச் சொல்லு. யான்சிக்கு அதே குரல்தானே வேணும்? அதே குரலே வரும்!"

வெண்டல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். உலகத்திலேயே பெரிய அறிவாளி தன் அடிக்குரல்காரன்தான் என்று அப்போது தோன்றியது. மேடைக்கு நாலு பேரும் போய்விட்டால் ரெக்கார்டுக்குக் காவல் யார் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. ஐந்தாமவனுக்குத்தான் அம்மையாச்சே!

திரை உயர்ந்தது. முதல் பாட்டுகளைத் தாடியஸ் 'பொம் பொம்' போட்டே சமாளித்தான். கூட்டத்திலிருந்த பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள், கடலை கொறித்தார்கள். பிறகு பேகெட் மைக்கில் முழங்க, யான்சி தன் சாக்ஸபோனோடு வந்து பேண்டு வரிசையின் ஓரத்தில், திரையை ஒட்டி உட்கார்ந்தார். நரைத்த மீசைக்காரர். வெண்டலை ஒரு பார்வை பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். வெண்டல் அவசரமாக அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டான்.

தாடியஸ் நைசாகப் போய் முள்ளை வைத்துவிட்டு ஓடி வந்தான். குரல் எழுந்தது. 'மார்ஜரீ… மாடியை விட்டு இறங்கி வா…'

கூட்டம் அலறியது. வெண்டல் கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்து, வாயை அழகாக அசைத்தான். அடடா, இவ்வளவு நன்றாக அவன் பாடியதே இல்லை.

ஆனால் நாள் பூராவும் வாசலில் ஓடித் தேய்ந்த ரெக்கார்டு அது. 'இறங்கி வா' என்றது. மறுபடி, 'இறங்கி வா' என்றது. முள் மாட்டிக்கொண்டது. 'இறங்கி வா, இறங்கி வா, இறங்கி வா…'

அந்த இடத்தில் நாலு பேரும் முழங்காலை மடித்துக் கொஞ்சம் தாழ வேண்டும், அதுதான் ஆட்டம். தாழ்ந்தார்கள். இன்னும் தாழ்ந்தார்கள். பேண்டும் விடாமல் அதே அடியைச் சுற்றிச் சுற்றி வாசித்தது. கடைசியில் நாலு மரங்கொத்திகளும் ஏறக்குறையத் தரையில் படுத்துவிட்டார்கள். புது ஆட்டம் என்று நினைத்துக் கூட்டத்திலிருந்த பெண்கள் நாற்காலி மேல் ஏறினார்கள்.

"எவ்வளவு நேரம்டா?" என்று தரையிலிருந்து தவளைக் குரலில் முனகினான் வெண்டல்.

இந்தச் சமயத்தில்தான் லுவீனியா அத்தை, மாப்பிள்ளைக்கு இரண்டாவது கரண்டி மருந்து கொடுத்தே தீருவது என்று டெஸ்ஸாவையும் இழுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்திருக்கிறாள். அங்கே பாடகர் யாரும் இல்லை. ஒரு பெட்டி மட்டும் தனியாக ஓடி, 'இறங்கி வா' என்று புலம்பிக்கொண்டிருந்தது. அது சாத்தான்தான் என்பதில் அத்தைக்குச் சந்தேகமே வரவில்லை. கர்த்தரை நினைத்துக்கொண்டு வயரைப் பிடுங்கிவிட்டாள்.

குரல் நின்றது. பேண்டு மட்டும் அசட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருந்தது. வெண்டல் எழுந்து நின்று மைக்கைப் பார்த்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. சாயம் வெளுத்தது, கதை முடிந்தது, டெஸ்ஸா போய்விட்டாள் என்று முடிவு செய்து, ஓடுவதற்குக் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தான்.

மறுபடி குரல் எழுந்தது.

'மார்ஜரீ…' விட்ட இடத்திலிருந்து, முள் மாட்டல் ஏதுமில்லாமல், கண்ணாடி மாதிரித் தெளிவாக. உச்சம் வந்தது. அங்கேயே நின்றது, சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றியது, இறங்கியது. ரெக்கார்டு தானாகவே சரியாகிவிட்டது என்று வெண்டல் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டான். தைரியம் வந்தது. முதல் வரிசைப் பெண்களைப் பார்த்துக் கண்ணடித்தான். யான்சி வாசிப்பை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் தண்ணீர். நம்முடைய பாட்டு கிழவரை எப்படி உருக்கிவிட்டது பார் என்று வெண்டலுக்கே பெருமையாக இருந்தது. அந்த ஒரு நிமிஷம், பாடியது தானேதான் என்று அவனே நம்பிவிட்டான்.

பாட்டு முடிந்தது. தியேட்டரே இடிந்துவிடும் போல் கைதட்டல். பேகெட் ஓரத்தில் நின்று குதித்தார். நாலு பேரும் குனிந்து வணங்கிவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினார்கள்.

"தப்பிச்சோம்டா!" என்றான் தாடியஸ்.

"ஷ்ஷ். அவர் வர்றார்."

யான்சி சாக்ஸபோனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். வெண்டல் தலையைச் சற்று சாய்த்து, பெரிய மனிதர்களுக்குரிய அடக்கத்தோடு தன் கைகளையும் விரித்தான்.

யான்சி அந்தக் கைகளுக்குக் கீழே குனிந்து போனார். பின்னால், பிடுங்கிய வயரோடு பேயறைந்த மாதிரி நின்றிருந்த அத்தையையும் தாண்டிப் போனார். மைக்குக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்த டெஸ்ஸாவை அப்படியே தரையிலிருந்து தூக்கிவிட்டார்.

"என் தங்கமே! அன்னிக்கு ஸ்டுடியோவுல, பாட வேண்டிய பையன் வரலைன்னு சோடாப் பெட்டி மேல ஏறி நின்னு இதைப் பாடினப்போ நீ இத்துனூண்டு பொண்ணு. இப்பவும் அந்த உச்சம் அப்படியே இருக்கே, கண்ணு! ஆமா, கையை விரிச்சுக்கிட்டு நிக்கறாரே, இந்தத் தம்பி யாரு?"