நான்கு மணிக் கொட்டாவி

“ஏல பிரபு, அந்தப் பிள்ள கஸ்டமர் மூஞ்சிக்கு நேராக் கொட்டாவி விடுதா பாரு!”

பிற்பகல் நான்கு மணிக்குக் கண்காணிப்புத் திரையைச் சுட்டுவிரலால் குத்தி முழங்கினார் அய்யாதுரை. தியாகராய நகரில் ஐந்து மாடித் துணிக்கடைக்கு அதிபதி அவர். பட்டுப் பிரிவின் மேற்பார்வையாளன் பிரபு எட்டிப் பார்த்தான். கொட்டாவி விட்டவள் விற்பனைப் பெண் தபஸ்ஸும். அவளைப் பார்த்து மயிலாப்பூர் மாமி கொட்டாவி விட, மாமியைப் பார்த்துக் கல்யாணப் பெண் கொட்டாவி விட, விரித்த புடவைகளை விரித்தபடியே விட்டுவிட்டு அந்தக் குடும்பமே உறங்கப் போவதுபோல் படியிறங்கியது.

“ஆடித் தள்ளுபடி முடியதுக்குள்ள ஒம் பிரிவுல எல்லா மூஞ்சியிலயும் தெளிவு வரணும். இல்லன்னா ஒன்னயக் கொட்டிவாக்கம் குடோனுக்கு மாத்திருவேன்.”

குடோனுக்குப் போனவர் எவரும் கடைக்குத் திரும்பியதாக வரலாறு இல்லை. பிரபு மெல்லக் கேட்டுப் பார்த்தான்.

“அண்ணாச்சி, அவங்களக் கொஞ்ச நேரம் உக்கார விட்டா...”

“நாற்காலி போட்டிருக்கம்லா?”

போடப்பட்டுத்தான் இருந்தது. பணியாளருக்கு இருக்கை வேண்டும் என்று சட்டம் ஆணையிட்டது, கடை கீழ்ப்படிந்தது, இருக்கைகளின் மேல் புடவைக் கட்டுகள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. துணி அமர்ந்திருக்க மனிதர் நிற்கும் அந்த விந்தையை அங்கே எவரும் விந்தையாகக் கருதவில்லை.

“இது சத்துக் கொறவுல. மாத்திர, பவுடரு ஒண்ணும் வேண்டாம். நம்ம மெஸ்ஸுலயே இயற்கையா, சத்தாப் போடு. தன்னால தெம்பு வரும்.”

மொட்டை மாடி மெஸ்ஸில் ஊழியருக்குக் கடைச் செலவிலேயே சாப்பாடு. அதுவரை காலையில் ரவை உப்புமா. பகலில், கூட்டம் என்றைக்கு எப்போது ஓய்கிறதோ அப்போது, வெள்ளைச் சோறும் பருப்பின் நினைவு மட்டும் மிஞ்சிய சாம்பாரும்.

மறுநாள் காலை சமையல்கார இசக்கியம்மாள் கம்பங்கூழ் கரைத்தாள். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். எல்லோரும் ஆசையாகக் குடித்தார்கள். அதைவிட ஆசையாகக் கடித்தார்கள்.

தபஸ்ஸும் முதல் புடவையை விரித்து வாயைத் திறந்தாள். எதிரே இருந்த வேறொரு மாமி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

“ஏம்மா, நான் கூறைப்புடவை வாங்க வந்திருக்கேனா, வெங்காய ஊத்தப்பம் வாங்க வந்திருக்கேனா? இதை ஆத்துக்கு எடுத்துண்டு போனா சட்னி எங்கேன்னு கேப்பா!”

வெங்காயம் ஒழிந்தது, முளைகட்டிய பயறு வந்தது. குறைவு தீர வேண்டுமே என்ற பதற்றத்தில் பிரபு அதைக் கிண்ணம் கிண்ணமாக அள்ளி வைத்தான். பழகாத வயிறுகள் பிற்பகலில் கிளர்ந்தெழுந்தன. சன்னலே இல்லாத குளிர்சாதன மாடியில் அந்தக் கிளர்ச்சிக்கு வெளியேறும் வழியும் இல்லை.

“யாரு?” பல்லைக் கடித்தான் பிரபு.

“யாருன்னு கேட்டா இன்னா சார் சொல்றது?” என்றாள் தபஸ்ஸும். “அல்லாரும்தான்.”

அடுத்ததாக, தண்ணீர்தான் குறைவு என்று பிரபு கண்டுபிடித்தான். பானை பானையாகத் தண்ணீரும் நீர்மோரும் வந்தன. ஊழியர் கழிப்பறை ஐந்தாம் மாடியில். லிஃப்டோ வாடிக்கையாளருக்கு மட்டும். பட்டுப் பிரிவு முழுவதும் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்க, பிரபு தன்னந்தனியாகப் புடவை விரித்தான். மடிக்கத் தெரியாமல் சுருட்டினான். கைப்பேசி அலறியது.

“ஏல, ஆளுவ எங்க?”

“மாடில அண்ணாச்சி.”

“வேல நேரத்துல மாடில என்ன செய்தாவ?”

“தண்ணி குடிச்சாங்க அண்ணாச்சி.”

“குடிக்கதுக்கா மாடிக்குப் போனாவ?”

“இங்கதான் குடிச்சாங்க. அதனாலதான் அங்க போனாங்க.”

பிரபு தலையில் அடித்துக்கொண்டான். கம்பு, பயறு, மோர்! நல்ல பொருள் எதைத் தொட்டாலும் நாசமாகிறதே! பசித்த மனிதனுக்குப் பரிகாரம்போல் ஒரேயடியாகத் திணித்தால் எந்த வயிறுதான் தாங்கும்? அன்று மூன்றரை மணிக்கு ஆறிய சோற்றின் முன் அமர்ந்தபோது அவன் கண்களும் செருகின. அப்போதுதான் அந்த எளிய உண்மை உறைத்தது: கெட்டது உணவு மட்டுமன்று, அதன் நேரமும்தான்.

அண்ணாச்சியிடம் சண்டையிட்டான். “ஒரு மணிக்குச் சோறு. இல்லன்னா இன்னைக்கே என்னைக் குடோனுக்கு அனுப்புங்க.” வியாபாரம் கெட்டுப் பயந்திருந்த அய்யாதுரை தலையசைத்தார்.

காலையில் அளவாகக் கேழ்வரகு தோசை. ஒரு மணிக்குச் சோறு, கெட்டிப் பருப்பு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை. நான்கு மணிக்கு வறுத்த வேர்க்கடலையும் கொய்யாத் துண்டும்.

சில நாட்களில் கொட்டாவி ஒழிந்தது. சிரிப்பு வந்தது. தபஸ்ஸும் அடுக்கின் உச்சியிலிருந்து புடவைகளை உருவி எறிய, எதிர்க் கவுண்டர் பெண் எட்டிப் பிடித்தாள். ஒரு புடவைக்கு வந்த குடும்பங்கள் பை நிறையச் சுமந்து சென்றன.

“ஏல, நீ மனுசம்ல!” என்று பிரபுவின் முதுகில் அறைந்தார் அய்யாதுரை. “கொட்டிவாக்கத்த மறந்துரு. நீதான் அடுத்த மேனேஜரு.”

ஆடி முடிந்தது. மறுநாள் காலை பிரபு நிமிர்ந்த நடையோடு பட்டுப் பிரிவுக்குள் நுழைந்தான். கவுண்டரில் ஒருவரும் இல்லை. மெஸ்ஸுக்கு ஓடினான். மாவுப் பாத்திரத்தின் முன் இசக்கியம்மாள் கரண்டியோடு விழித்துக்கொண்டிருந்தாள்.

படியேறி வந்தாள் தபஸ்ஸும். மூச்சு வாங்கவில்லை. சீருடைப் புடவைகளை அடுக்காக மடித்து மேசையில் வைத்தாள்.

“மத்தவங்கல்லாம் எங்கம்மா?”

“கீழ ஆட்டோல கீறாங்க சார். அடையாறுல புதுசாக் கடை தொறக்கறாங்கோ. டூட்டி முடிச்சிட்டு அல்லாரும் இன்டர்வியூ போய்க்கினு இருந்தோம். வேலை கெடச்சிடுச்சி.”

பிரபு விரல்விட்டு எண்ணினான். “கீரை, முட்டை, நேரத்துக்குச் சோறு... இத்தனையும் செஞ்சேனேம்மா! எதுல கொறை வெச்சேன்?”

“ஒரு கொறையும் வெக்கல சார்” என்றாள் தபஸ்ஸும், மெய்யான நன்றியோடு. “இந்தக் கடைய வுட்டுப் போணும்னு அல்லாருக்கும் எப்பவோ ஆச, வேற வேல தேடறதுக்குத்தான் சார் ஒடம்புல தெம்பு இல்லாம இருந்துச்சி.”