முகாமுக்கு முதல் ஆள்

என் மகளை அமெரிக்காவுக்கு அனுப்பியே தீருவது என்று அன்று காலை சபதம் எடுத்தேன். இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில்.

ரித்திகா எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம். அடுத்த பயிற்சிக்கு அங்கே விண்ணப்பம் போட வேண்டும். மார்க் இருக்கிறது, பேராசிரியர்கள் கடிதம் இருக்கிறது.

"ஏனுங்க, சேவைன்னு ஒரு பக்கம் இருக்குதாமா. அதுல எழுத நம்ம புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க," என்றாள் என் மனைவி கீதா.

விடுவேனா? "சூலூர்ல நம்ம தறி ஷெட்லயே இலவச முகாம் போட்டறலாம்!"

"அடடா, எனக்குத் தோணவே இல்லைங்களே! சுகர் மட்டும் பாத்தாப் போதுங்க."

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் என் மூளையை அவள் மெச்சியது அன்றுதான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊசி என்றால் பயம். ஆறு வருஷமாக, ரத்தம் எடுக்கக் கீதா ஆளை வரவழைக்கும்போதெல்லாம் மதுக்கரையில் எனக்கொரு துக்கம் விழுந்துவிடும். ஆனால் முகாம் நடத்துகிறவனை யார் குத்தப்போகிறார்கள்?

வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். ரித்திகாவும் அவளுடைய பேராசிரியை டாக்டர் ஃபஹீமாவும் மெஷினோடு தயார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மாமா, மொதல்ல உக்காருங்க."

"நீங்க உக்காருங்க மாப்ள."

"நீங்க பெரியவங்க!"

"கூப்பிட்டவங்க இருக்கறப்ப நாங்க எப்படீங்க முந்தறது?"

வெற்றிலை பாக்கு வைத்தால் சும்மாவா! அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மரியாதை மட்டும் ஆறாக ஓடியது.

"வுடுங்கப்பா, பரவால்ல," என்றாள் ரித்திகா. முகம் வாடிக் கிடந்தது. பெத்த வயிறு கேட்குமா? அதாவது, என் வயிறு. கண்ணை இறுக மூடி விரலை நீட்டினேன்.

முன்னூற்றுப் பன்னிரண்டு.

அப்புறம் வரிசை ஜோராக நகர்ந்தது. எனக்கு மட்டும் மாத்திரைச் சீட்டும் டாக்டரம்மாவின் அரைமணி நேர அர்ச்சனையும் கிடைத்தன. உண்மையைச் சொன்னால் வலிக்கவே இல்லை. ஆறு வருஷத்துப் பயம் தீர்ந்து மனசு லேசாகிவிட்டது.

சாயங்காலம் சர்க்கரையில்லாத காபியை முழுங்கிவிட்டுச் சொன்னேன். "போச்சாது, பரவால்ல கண்ணு. உனக்காக அப்பன் விரலையே குடுத்துப்போட்டேன். சேவைப் பக்கத்துல நல்லா எழுதிப்போடு."

ரித்திகா அம்மாவைப் பார்த்தாள். கீதா காபி டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"அப்ளிகேஷன் போன மாசமே போயாச்சுங்க."