பிளாஸ்டிக்குக்கு ஜோசியம்

தான் சொன்னது பலித்துவிட்டால் மனிதனுக்குத் தலைகால் புரியாது. எனக்கு ஒரே ஒரு முறை பலித்தது. இந்த ஜென்மத்துக்கு அது போதும்.

சங்ககிரிப் பக்கம் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால், வெளியே வரும் பொருளின் மேல் எங்கே குழி விழும், எங்கே கோடு தெரியும் என்று, அச்சு வெட்டும் முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. லாரிக்கு லோடு ஏற்றும் அப்பாவிடம் இதை விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மறுநாள் அவர் லாரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார்: "எம்பையன் பிளாஸ்டிக்குக்கு ஜோசியம் பாக்கறானுங்க." (எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அந்தக் கௌரவத்துக்கு ஜோசியம் என்ற சொல் குறைச்சலாகப் பட்டது.)

அப்போதுதான் முதலாளி மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பளபளப்பான டப்பா. மூடியில் இந்தப் பக்கம் 'தாரணி', அந்தப் பக்கம் 'கோகுல்'.

"இத நல்லபடியாப் பண்ணிக் குடு தம்பி, உன்னைய நிரந்தரம் பண்ணீர்றேன்" என்றார் முதலாளி.

மூடி நீளம். பிளாஸ்டிக் இரண்டு முனையிலிருந்தும் உள்ளே போகும். இரண்டும் வந்து சேரும் இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு விழும் என்று அவரிடம் சொன்னேன்.

"எங்க வேணாலும் உழுகட்டும். எழுத்து மேல மட்டும் உழுகக் கூடாது."

சோறு தண்ணி மறந்து, பிளாஸ்டிக் போகும் வழியைக் கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, எழுத்தே இல்லாத இடத்துக்கு அந்தக் கோட்டை நகர்த்திவிட்டேன். இரண்டு பெயருக்கும் நட்ட நடுவில்.

முதல் டப்பாவைத் தாம்பாளத்தில் மஞ்சள் குங்குமத்தோடு வைத்து முதலாளியம்மாவிடம் நீட்டினார்கள். சுற்றிலும் சொந்தபந்தம். அந்த அம்மா மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மகள் பெயருக்கும் மாப்பிள்ளை பெயருக்கும் இடையே, மேலிருந்து கீழ்வரை, பிளேடால் கிழித்ததுபோல ஒரு கோடு.

"இதென்னங்க, விரிசலாட்ட?"

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"விரிசல் இல்லீங்கம்மா! நான்தானுங்க கரெக்டா நடுவுல வரட்டும்னு வெச்சேன். ராவும் பகலும் இதுக்குத்தானுங்க ஒழைச்சேன்!" (சிரித்துக்கொண்டே வேறு.)

"ஏஞ்சாமி, எம்புள்ள உனக்கு என்ன பாவம் பண்ணுனா?" என்றார் அந்த அம்மா.

மணப்பெண் அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். முதலாளி டப்பாவைத் துண்டால் மூடினார். கல்யாணத்தில் எவர்சில்வர் டப்பா கொடுத்ததாகக் கேள்வி. என்னைக் கல்யாணத்துக்கும் கூப்பிடவில்லை, அதற்கப்புறம் வேலைக்கும் கூப்பிடவில்லை.

அந்தத் தம்பதி நன்றாகத்தான் இருக்கிறார்கள். எனக்குத்தான் பெண் அமையவில்லை. பார்க்கப் போகும் இடத்திலெல்லாம், காபி ஆறுவதற்குள் யாரோ ஒரு மாமன், "அந்தக் கோடு போட்ட தம்பி நீங்கதானுங்களா?" என்று கேட்டுவிடுகிறார்.

அடுத்த இடம் வந்ததும் அம்மா என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு திருச்செங்கோட்டு ஜோசியரிடம் கிளம்புவார். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்:

"பஸ்ஸேறி எதுக்கு அலையற? உம்பையனையே கம்ப்யூட்டர்ல பாக்கச் சொல்லு. எந்த எடத்துல முறியும்னு பிசகாமச் சொல்லிப்போடுவான்."

அம்மா சிரித்துக்கொண்டேதான் செருப்பை மாட்டுவார்.